நடிகையைப் படம் எடுத்தது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை குனோங் ராபாட்டில் ஒரு வீட்டுக்குப் போனேன். பழசு பொறுக்கத்தான்… வேறெதற்கு? பழைய படம், பழைய கடிதம் என்றால் எனக்குக் கால் தரையில் நிற்காது என்பது உங்களுக்கே தெரியும்.

கூப்பிட்டவர் புவனேஸ்வரி அக்கா. ஓய்வு பெற்ற ஆசிரியை, 1927-இல் பிறந்து இப்போது எழுபதைத் தாண்டியவர், யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம். சனிக்கிழமை வீட்டைக் காலி செய்துவிட்டு, கோலாலம்பூரில் மகனோடு போய் இருக்கப் போகிறார். சுவரில் இருந்த படங்கள், ஆணிகள் எல்லாம் கழற்றியாகிவிட்டது. கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள்.

குப்பையோடு ஒதுக்கியிருந்த கறுப்பு ஆல்பம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "நீ எழுதுற பேப்பருக்கு உதவுமெண்டால் கொண்டு போ தங்கச்சி. இல்லாட்டி எரிக்கப் போறன்."

திறந்தேன்… அடேயப்பா!

1920-களில் சென்னையிலிருந்து கப்பலேறி வந்த ஒரு நடிகை. பேசாப் படத்து நட்சத்திரம். தைப்பிங்கில் முகாமிட்டிருந்த இந்தியப் பட்டாளத்துக்கு ஆடிப் பாடிக் காட்ட வந்தவராம். மேடைப் படம் ஒன்றுகூட இல்லை — எல்லாமே திரைக்குப் பின்னால். பாதி முகத்தில் அரிதாரம், பாதி முகம் துடைத்தது. சேலையை முழங்கால் வரை ஏற்றிவிட்டு, வாளித் தண்ணீரில் கால் இரண்டையும் ஊறப் போட்டிருக்கிறார். வாயில் சோறும் சிரிப்புமாக ஒரு படம். இன்னொன்றில், திரையை விலக்கிச் சிப்பாய்க் கூட்டத்தை எட்டிப் பார்க்கிறார்.

இதைப் போய் எரிப்பதா?

அக்கா சொன்னார். அவருடைய அப்பா அந்த முகாமில் கிராணி — எழுத்து வேலை. அக்காவுக்கு இரண்டு வயதில் அம்மா தவறிவிட்டார். வீட்டை ஒழுங்கு செய்ய வந்த அத்தைமார் கையில் இந்த ஆல்பம் அகப்பட்டது. யார் எடுத்த படம் என்று கேட்டிருக்கிறார்கள். நான்தான் என்று அப்பா ஒத்துக்கொண்டார். அவ்வளவுதான்… வீட்டில் பெண்டாட்டி இருக்க, கூத்துக்காரி பின்னால் திரிந்தவர் என்று பெயர் விழுந்தது. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அக்கா வளர்ந்தார். அப்பா படத்தைச் சுவரில் மாட்டியதே இல்லை.

"கடைசிக் காலத்தில சித்தியவானில தனியாக் கிடந்தவர். நான் ரெண்டு தரம்தான் போனனான். முகம் குடுத்துக் கதைக்கேல்லை."

எனக்கு ஒன்று உறுத்தியது. நான் சிலிம் ரிவர் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். திருவிழா நாடகத்தில் பெண்கள் உடை மாற்றும் தட்டிக்குப் பின்னால் ஆண் வாடையே ஆகாது. ஒரு தடவை எட்டிப் பார்த்த என் சித்தப்பா, துடைப்பத்தால் வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்படியிருக்க, அந்தக் காலத்தில் ஒரு கிராணியை உள்ளே விட்டுவிட்டு, மாராப்பைக்கூடச் சரி செய்யாமல் அந்த அம்மா உட்கார்ந்திருப்பாரா?

"அக்கா, இது ஆம்பள எடுத்த படம் மாதிரி இல்லலா," என்றேன்.

முறைத்தார். ஆனாலும் பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார்.

அரிதாரம் துடைக்கும் படத்தில், நடிகைக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி. அதில், வயிற்றோடு அணைத்துப் பிடித்த பெட்டிக் கேமரா தெரிந்தது. எடுப்பவர் முகம் விழவில்லை. சேலைத் தலைப்பும் கைகளும் விழுந்திருந்தன. ஒரு கையில் பட்டையான நெளிகாப்பு.

அதே காப்பு, பூதக்கண்ணாடியைப் பிடித்திருந்த அக்காவின் கையில் இருந்தது. அம்மாவுடையது என்று அவரிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

காப்பைக் கழற்றிப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அம்மா கூத்துக் கொட்டகைக்குள்ள போனவ எண்டு தெரிஞ்சா, செத்த பிறகும் விட்டிருக்க மாட்டினம். அதான் அப்பா, தான் எடுத்ததெண்டு சொல்லியிருக்கிறார்," என்றார். பிறகு, "எனக்காவது சொல்லியிருக்கலாம்… நானும் கேக்கேல்லையே."

அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

படத்தில் இருப்பவரைப் பார்க்கிறோம். எடுத்தவரை யார் யோசிக்கிறோம்? ஆம்பிளை இருக்கிற வீட்டு ஆல்பம் என்றால் கேமராவும் ஆம்பிளை கையில்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அத்தைமாரை மட்டும் சொல்வானேன்? முதல் பக்கத்தைப் புரட்டியதும், 'எடுத்தவன் கெட்டிக்காரன்' என்றுதானே நானும் நினைத்தேன்!

அக்கா எழுந்து, ஒட்டி வைத்திருந்த ஒரு பெட்டியின் டேப்பைக் கிழித்தார். துணிகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் அப்பா. கழுத்து வரை பட்டன் போட்ட கோட்டு, ஒல்லி முகம். கண்ணாடிச் சட்டம் போட்ட சின்னப் படம்.

சுத்தியலும் ஆணியும் எடுக்கச் சொன்னார். சனிக்கிழமை காலி செய்யப் போகும் வீட்டில் புது ஆணியா என்று நான் விழித்தேன்.

"ஆறு நாளாவது இருக்கட்டும்."

நாற்காலியில் ஏறி நான்தான் ஆணி அடித்துப் படத்தை மாட்டினேன். கோணல். டீச்சர் இல்லையா… கீழே நின்று, இடப்பக்கம், இன்னும் கொஞ்சம், என்று நேராகும் வரை விடவில்லை. ஆல்பத்தை மார்போடு பிடித்துக்கொண்டே சொன்னார்.

அந்த ஆல்பத்தைத் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. பழசு பொறுக்குகிறவளுக்கும் கொஞ்சம் மரியாதை தெரியும் — நம்புங்கள்.