சொகுசான ஹாண்டிலும் ஒரு பாண் வானும்

போன வருசம் வசந்தகாலத்தில், ஜெர்மனியில் டுசல்டோர்ஃபிலிருந்து கொஞ்சம் தள்ளி, மேடும் பள்ளமுமான ஒரு கிராமத்து ரோட்டில் நடந்தது இது.

பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் நான் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்தேன். ஆள் கட்டை. முதலில் வாங்கின மோட்டார் சைக்கிளில் ஹாண்டிலை எட்டிப் பிடிக்க முன்னுக்குக் குனிந்துதான் இருக்க வேணும். கொஞ்சத் தூரத்திலேயே மணிக்கட்டு விறைத்துவிடும். இருக்கிற சீற்றோ பலகை மாதிரி. பின்னால் இருக்கிற என் மனுசன், "நீர் போம், நான் நடந்து வாறன்" என்று பகிடி விடுவார். ஹாண்டிலை உயர்த்தப் பார்த்தேன். ஜெல் வைத்த சீற் போட்டுப் பார்த்தேன். கடைகடையாகப் போய் ஏறி இருந்தும் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

கடைசியில் ஒருவர் விற்கப் போட்டிருந்த பாவித்த சைக்கிள் ஒன்றில் ஏறினேன். என் பக்கமாக வளைந்து வந்த உயர ஹாண்டில், அகலமான பதிந்த சீற். இரண்டு காலும் நிலத்தில் முட்டின. முதுகு தானாக நிமிர்ந்தது. அவருடைய தெருவில் அதை நேராக ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் தெரியவில்லை. வாங்கிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் புறப்பட்டோம். வழியெல்லாம் சுகம். ரோட்டோரம் புல்வெளியில் நிறுத்தித் தேத்தண்ணி குடித்துவிட்டு, வீட்டுக்குத் திரும்ப ஏறினோம். தூரத்தில் ஒரு வெள்ளை வான் வந்தது. நிறைய இடைவெளி இருந்தது. ரோட்டில் இறங்கி ஹாண்டிலை முழுதாக இடப்பக்கம் திருப்பினேன்.

எஞ்சின் அலறியது. சத்தியமாக நான் அக்ஸிலேட்டரை முறுக்கவில்லை! சைக்கிள் ஒரு பாய்ச்சல் பாய்ந்து எங்கள் இருவரையும் நடு ரோட்டில் போட்டுவிட்டு, விழுந்த இடத்திலும் சில்லு சுழலக் கத்தியது. தலையைத் திருப்பினால் அந்த வெள்ளை வான். பிரேக் சத்தம், டயர் கருகின மணம். படுத்தபடியே கையை நீட்டினால் நம்பர் பிளேட்டைத் தொடலாம், அவ்வளவு கிட்ட வந்து நின்றது.

"எழும்பும், எழும்பும்!" மனுசன் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார். எப்படியோ ஹாண்டிலில் இருந்த சிவப்புப் பொத்தானை அமத்தி எஞ்சினை நிறுத்தினேன்.

வான் கதவு திறந்தது. பேக்கரி உடுப்போடு, ஆறடிக்கு மேல் ஒரு ஜெர்மன்காரர். நல்ல ஏச்சு விழப்போகிறது என்று மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் தோளைத் தொட்டார். "உயிரோடு இருக்கிறீங்களா?" என்றார். அவ்வளவுதான், ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். என் மனுசன் முழங்கால் தேய்ந்து இரத்தம் வர, அவருக்குப் பக்கத்தில் குந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வான்காரர் மற்றக் கையால் தன் மனைவிக்குப் போன் எடுத்தார். "ஒன்றுமில்லை, உன் குரலைக் கேட்க வேணும் போல இருந்தது" என்றது எனக்கும் கேட்டது.

பிறகு மூவருமாகச் சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளி, ஹாண்டிலைத் திருப்பிப் பார்த்தோம். அக்ஸிலேட்டர் கேபிள் வீணைத் தந்தி மாதிரி இழுபட்டு நின்றது. யாரோ உயர ஹாண்டில் பொருத்திவிட்டு, பழைய கட்டைக் கேபிளையே விட்டிருக்கிறார்கள். நேரே ஓடினால் தெரியாது. முழுதாகத் திருப்பினால் கேபிள் இழுபட்டு, அக்ஸிலேட்டரை முறுக்கின மாதிரி ஆகிவிடும். விற்றவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "விற்கிறதுக்கு முதல்நாள்கூட என் மகள் அதில்தான் ஓடினாள்" என்றார். அவர் வாங்கும்போதே அந்த ஹாண்டில் இருந்ததாம்.

வான்காரர் எங்களைப் பேக்கரியில் சுட்ட பாண் அடுக்கின தட்டுகளுக்குப் பக்கத்தில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எக்ஸ்ரே வரும்வரை அவரும் போகவில்லை. வேலை கிடக்குமே, போங்கோ என்றோம். "உங்களை முழுசாகப் பார்த்தால்தான் எனக்கு இன்றைக்கு நித்திரை வரும்" என்றார். முறிவு இல்லை என்று டொக்டர் சொன்னபோது என்னைவிடப் பெரிதாக மூச்சு விட்டவர் அவர்தான்.

நான் இப்பவும் மோட்டார் சைக்கிள் ஓடுகிறேன். ஆனால் எதிரே ஒரு வாகனம் வந்தால், ஒரு பிழையும் செய்யாத ஒரு மனிதர் என் சாவை ஆயுள் முழுக்கச் சுமக்க இருந்தாரே என்ற நினைப்பில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற முகத்தை ஒருதரம் பார்க்காமல் என்னால் தாண்டிப் போக ஏலாது.