கதவைத் தட்டாத வசூல்

லேத் பட்டறைக்காரர் கேபிள்காரருக்கு ஐந்து மாதப் பாக்கி கொடுக்க வேண்டியிருந்தது. மாதம் முந்நூறு வீதம் ஆயிரத்து ஐந்நூறு. மறந்து போகவில்லை, வேண்டுமென்றேதான் நிறுத்தியிருந்தார்.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இரும்புத்தூள் கூட்டிப் பெருக்கிய அதே பட்டறையைப் பிற்பாடு விலைக்கு வாங்கியவர். அவர் தண்டு கடைந்தால் மயிரிழை பிசகாது. பெரிய படிப்புப் படித்தவர்களே வந்து கைகட்டி நின்று பார்ப்பார்கள். கடன் சொல்லி ஒரு டீ குடித்தது கிடையாது.

அப்படிப்பட்டவர் வீட்டுப் புது டிவியில் மருமகன் படம் பார்க்கும் ஆப்கள் மூன்றை ஏற்றி, மாமாவின் பேங்க் கார்டு நம்பரையும் போட்டுக் கொடுத்தார். "முதல் மாசம் ஃப்ரீ மாமா" என்றதில் ஃப்ரீ மட்டும் மாமா காதில் ஏறியது. இரண்டாம் மாதமும் எவனும் வாசலில் வந்து கை நீட்டவில்லை. கேட்காதவனுக்கு எதற்குக் கொடுப்பது? இனி கேபிளுக்குக் காசு தண்டம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

ஆனாலும் டிவி முன்னால் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு படத்தில் பத்து நிமிஷம், இன்னொன்றில் ஐந்து. எழுந்து தண்ணீர் குடிப்பார், வாசல்வரை போவார், திரும்ப வந்து ரிமோட்டை அமுக்குவார்.

"ஜவுளிக்கடையில எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டு வெறுங்கையோட வர்ற மாதிரி இருக்கு," என்றாள் மனைவி.

ஞாயிறு காலை கேபிள்காரர் ஏணியோடு வந்தார்.

"யாருக்கும் பாக்கி வைக்காத மனுஷன்னு ஊரே சொல்லுது. என் நோட்டுல மட்டும் உங்க பேரு நிக்குதுண்ணே. குடுத்துட்டா ஒயரைக் கழட்டிட்டுப் போயிடுவேன்."

"கழட்டு. எனக்குத்தான் சும்மா வருதே."

"சும்மா எவன் குடுப்பான்? போனைக் காட்டுங்க."

பேங்க் மெசேஜ் ஆங்கிலத்தில் வரும். பட்டறைக்காரர் திறந்ததே இல்லை. கேபிள்காரர் தள்ளித் தள்ளிப் படித்தார்.

"அஞ்சாந்தேதி முந்நூத்தம்பது. எட்டுல இருநூறு. பன்னெண்டுல நானூறு. நாலு மாசமா இதேதான்."

"மூவாயிரத்து எண்ணூறு," என்றார் பட்டறைக்காரர், விரல்கூட மடக்காமல். முகம் சுண்டிவிட்டது. "கேக்காமலே எடுத்திருக்கானுங்க."

"கார்டு போட்டப்பவே சரின்னு அமுக்கியிருப்பீங்கண்ணே."

மனைவி உள்ளிருந்து சொன்னாள்: "நான் மத்தியானம் பாக்கறது அந்த இருநூறு ரூபா ஒண்ணுதான். அது இருக்கட்டும், மத்த ரெண்டையும் நிறுத்தச் சொல்லுங்க. கேபிள்ல கை வைக்காதீங்க. அதைப் போட்டா அது பாட்டுக்கு ஓடும், நீங்களும் ஒரு இடத்துல உக்காருவீங்க."

பட்டறைக்காரர் ஏணியை வாங்கிச் சுவரோரம் படுக்க வைத்தார். பீரோவைத் திறந்து மூடிவிட்டு வந்தார்.

"கையை நீட்டுப்பா."

ஐந்து மாதத்துக்கும், அதன் மேல் வரப்போகும் மாதத்துக்கும் சேர்த்து, ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தார்.