மதுரை விமான நிலையத்தில் ஒரு மடக்குக்கத்தி

என் கணவரின் இடுப்பில், பெல்ட்டோடு சேர்த்து ஒரு தோல் உறை எப்போதும் தொங்கும். அதற்குள் ஒரு மல்டி டூல். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பிரித்தால் பிளையர், கத்தி, ஸ்க்ரூடிரைவர், டின் திறக்கிற கொக்கி என்று ஒவ்வொன்றாக வரும். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று ராஜபாளையத்துக்கு வந்து, ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்த உறை இடுப்பை விட்டு இறங்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் பட்டு வேட்டி கட்டினாலும் அதற்கு மேல் பெல்ட்டும் உறையும் இருக்கும்.

ஹைதராபாத்தில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பயணம் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டதால் அவளால் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வர முடியவில்லை. நாங்கள் இருவரும் விமானத்தில் போய்ப் பார்ப்பதாக முடிவானது. எனக்கு அதுதான் முதல் விமானம். குழந்தையின் நினைப்புக்கு அடுத்தபடியாக என் மனதில் இருந்தது அந்த டூலைப் பற்றிய கவலைதான்.

நான் வீட்டில் நைட்டி தைக்கிறேன். வெட்டிய துணி கொண்டுவந்து போடும் பெண்களிடம் கேட்டேன். நகவெட்டியைக்கூடப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றாள் ஒருத்தி. தன் மருமகன் அரிவாள்மனையையே பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள் இன்னொருத்தி. எந்தப் பெட்டி, கையில் இருப்பதா, எடை போட்டுக் கொடுப்பதா என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. கடைசியில் மகள்தான் போனில் விளக்கினாள். கூரான சாமான் எதுவும் கைப்பையில் கூடாது, எடை போட்டுக் கொடுக்கிற பெட்டியில் வைக்கலாம் என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் உறையைக் கழற்றினார். டூலைத் துண்டில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

புறப்பட்ட அன்று தெருக்காரர் ஒருவருடைய காரில் போனோம். வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினோம். அங்கே என் கணவரின் அக்கா இருக்கிறார். எனக்கு மதினி. அவர் வீட்டுக்காரரான அத்தான் இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறார். காலையிலேயே கடைக்குப் போய்ச் சூடாகப் பால்கோவா வாங்கி வைத்திருந்தார். அட்டைப் பெட்டியைத் துணிப்பையில் வைத்து, வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி என் கையில் கொடுத்தார்.

"பெரிய பெட்டியில போட்டுராத. மடியிலயே வச்சுக்கிட்டுப் போ" என்றார்.

அப்படியே என் கைப்பைக்குள் இறக்கி வைத்துக்கொண்டேன்.

மதுரை விமான நிலையத்தில் பெரிய பெட்டியைக் கொடுத்தாயிற்று. சோதனைக்கு ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பையை ரப்பர் பட்டையில் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். முன்னால் போனவர்களின் பைகள் எல்லாம் நேராக வந்தன. என் பை மட்டும் பக்கவாட்டில் ஒதுங்கிக்கொண்டது. சீருடையில் இருந்த வடநாட்டுப் பெண் ஒருத்தி அதைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் இந்தியில் ஏதோ கேட்டாள். அதில் 'சாக்கு' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது.

சாக்கெல்லாம் இல்லையம்மா, துணிப்பைதான் என்றேன். அவள் மறுபடியும் சாக்கு என்றாள். இங்கே எதற்குச் சாக்கு கேட்கிறார்கள், சாமானை அதில் கட்டித்தான் அனுப்ப வேண்டுமோ என்று விழித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் ஆண்கள் வரிசையில் சோதனை முடிந்து என் கணவர் அந்தப் பக்கம் வந்துவிட்டார். பட்டாளத்தில் இந்தி பேசிப் பழகியவர்.

"ஏட்டி, இந்தியில சாக்குன்னா கத்தி. கத்தி இருக்கான்னு கேக்குறாக" என்றார்.

அப்போதுதான் என் பர்ஸில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி கிடப்பது நினைவுக்கு வந்தது. அதுதானா என்று நிம்மதியாகி, நானே எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் தன் விரலோடு வைத்து அளந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். பக்கத்தில் இருந்த இன்னொருத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, இது போகலாம் என்பதுபோல என் பர்ஸிலேயே திரும்பப் போட்டாள். கத்தரி போகலாம் என்றால் பிறகு எதற்கு நிறுத்தினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பை இரண்டாவது முறையும் இயந்திரத்துக்குள் போனது. இரண்டாவது முறையும் ஒதுங்கியது.

இந்த முறை தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்தார். திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆரஞ்சும் பச்சையுமான உருவங்களுக்கு நடுவே, கருநீலத்தில், மடங்கிய ஒரு பொருள் தெரிந்தது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே உறை இல்லை.

"நான் பெட்டியிலதான வச்சேன்?" என்று என்னிடம் கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் திரையில் அது இருக்கிறது. துண்டில் சுற்றியதைப் பார்த்தேன். துண்டைப் பெட்டிக்குள் வைத்ததையும் பார்த்தேனா, இல்லை சுற்றியதை மட்டும்தான் பார்த்தேனா? யோசிக்க யோசிக்க அந்தக் காட்சியே கலைந்துகொண்டு போனது. வச்சீக என்றும் சொன்னேன், வச்சீகளா என்றும் கேட்டேன். அவர் முகமும் குழம்பிவிட்டது.

பையைக் கவிழ்த்தார்கள். என் சேலை, மாத்திரை டப்பா, பேத்திக்குத் தைத்த சட்டைகள் எல்லாம் மேசைமேல் பரவின. எதிலும் இல்லை. கடைசியில் அந்த வடநாட்டுப் பெண் மதினி கட்டிய கயிற்றை அவிழ்த்தாள். பால்கோவாப் பெட்டியைத் தூக்கினாள். அடியில் மடித்த செய்தித்தாளுக்குள் இருந்தது ஒரு மடக்குக்கத்தி. மரப்பிடி, ஓரத்தில் துரு.

டூல் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான், இது யாருடையது என்ற குழப்பம் வந்தது. என் கணவர் அதைப் பார்த்தபடியே நின்றார். பட்டாளத்திலிருந்து முதல் லீவில் வந்தபோது அத்தானுக்கு வாங்கி வந்த கத்தி அது என்றார். உடனே மதினிக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"பச்ச உடம்புக்காரி திங்கப்போற பண்டம்ல. இரும்பு வைக்காம எப்படிலே அனுப்புவேன்?"

பலகாரம் கொண்டுபோகும்போது காத்துக்கருப்பு அண்டாமல் இருக்க அதோடு ஓர் இரும்புத்துண்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எல்லோரும் ஓர் ஆணியை வைப்பார்கள். ஆணி ஏதும் கைக்கு அகப்படாததால் மதினி கத்தியை வைத்திருக்கிறார். தமிழ் அதிகாரிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் விடவில்லை. அங்கிருந்த கண்ணாடிப் பெட்டியில் போட்டுவிடலாம், இல்லையென்றால் வெளியே யாராவது இருந்தால் கொடுத்துவிட்டு வரலாம், நேரம் அதிகம் இல்லை என்றார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் லைட்டர்களும் பிளேடுகளும் ஒரு பாக்குவெட்டியும் கிடந்தன. போட்டுட்டு வாங்க என்றேன். அவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அத்தான் கையில கெடந்தது. குப்பையில போடச் சொல்லுதியா?" என்றார்.

கார்க்காரருக்குப் போன் போட்டார். நல்லவேளையாக அவர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். காவலர் ஒருவரின் துணையோடு என் கணவர் வந்த வழியே திரும்பிப் போனார். நான் கலைந்த பையை அடுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அதன்பின் நடந்தது எதுவும் எனக்குச் சரியாகப் புரியவில்லை. ஒலிபெருக்கியில் மூன்று மொழிகளில் அறிவித்தார்கள். தமிழில் சொன்னதும் தமிழ்போலக் கேட்கவில்லை. பயணச்சீட்டில் போட்டிருந்த கதவு எண் ஒன்று, ஆட்கள் வரிசையில் நின்ற கதவு வேறொன்று. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். வரிசை கரைந்துபோய், கதவில் நின்ற இளம்பெண் மட்டும் மிச்சம். வாங்க ஆன்ட்டி என்று கூப்பிட்டாள்.

"அவிய வரட்டும்" என்றேன். வந்துவிடுவார்களா என்று அவள் கேட்டாள். நான் சோதனை நடக்கிற பக்கத்தை எட்டிப் பார்த்தேன்.

அவர் ஓடி வந்தார். ஒரு கையில் பெல்ட். மறுபடியும் சோதித்தபோது கழற்றச் சொன்னார்களாம், மாட்டிக்கொள்ள நேரமில்லை. இன்னொரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே விமானம் ஏறினார்.

விமானம் எழும்பியபோது எனக்குப் பயம் வரவில்லை. வேறொன்று உறுத்தியது. காலடியில் இருந்த பால்கோவாவோடு இப்போது இரும்பு இல்லை. இதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. மதினி சொல்லும்போது உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். ஆனால் மகளும் பச்சைப்பிள்ளையும் கண்முன் வந்ததும் தாலிச்சரட்டில் கிடந்த ஊக்கைக் கழற்றித் துணிப்பையின் வாயில் குத்தினேன். ஏன் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். குனிந்து கேட்டார்.

"ஊக்கு இரும்பா, எவர்சில்வரா?"

"தெரியலைங்க" என்றேன். அவருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் மகள் வீட்டிலிருந்து மதினிக்குப் போன் செய்தோம். கார்க்காரர் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிள்ளை யார் சாடை என்றுதான் மதினி முதலில் கேட்டார். அதன் பிறகு, குரலைத் தாழ்த்தி, இரும்பை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்றார். விமானத்துக்குள் கத்தி கூடாதென்று என் கணவர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்.

"பச்சப்புள்ள வீட்டுக்குன்னு அவுககிட்டச் சொன்னீகளா?" என்று கேட்டார் மதினி.

சொன்னோமா? அதிகாரிக்குத் தானாகவே புரிந்தது. நாங்கள் வாய்திறந்து சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா என்று ஒரு நிமிடம் நானே யோசித்தேன். மதினி கோபத்தில் கேட்டாரா, வருத்தத்திலா, வெறுமனே தெரிந்துகொள்ளவா என்றும் பிடிபடவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு என் கணவர் டூலை எடுக்கப் பெரிய பெட்டியைத் திறக்கப் போனார். கட்டிலில் மகள் ஒரு கையால் பிள்ளையைத் தட்டிக்கொண்டு, இன்னொரு கையால் பால்கோவாவை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.