திரும்பி வந்தவர்களின் கடைசி அதிகாரம்

வேதாகமத்தில் யூதர்கள் பாபிலோன் சிறையிருப்பிலிருந்து ஊர் திரும்பிய கதையை ஞாயிறு சாயங்காலக் கூட்டத்தில் பத்து வாரம் வாசிப்பதாக நான்தான் முந்திரிக்கொட்டையாக அறிவித்தேன். வாத்தியார் டிரெயினிங் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த சமயம். ஐரோப்பாவில் யூதர்களை மறுபடி விரட்டுகிறார்கள் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. அந்தச் சூடு எனக்கு. வாரம் ஓர் அதிகாரம், ஒரு வரிகூட விடமாட்டேன் என்று சபை நடுவே வேறு சொல்லிவைத்தேன். கடைசிவரை படித்துப் பார்க்கவில்லை.

வில்லாபுரம் பக்கம் எங்கள் ஓட்டுக்கூரை வேதக்கோயில். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கத்துக் கடைசிப் பாயில் என் மதினி, இரண்டு பிள்ளைகளோடு. அவர் பிறந்தது சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த இந்துக் குடும்பம். அண்ணனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்த அன்றைக்கே, இனி இந்த வாசலை மிதிக்காதே என்றுவிட்டார் அவர் அப்பா. மதினி ஞானஸ்நானம் எடுக்கவில்லை, அண்ணன் கேட்கவுமில்லை. சபையில் முணுமுணுப்பு இருந்தது, முணுமுணுப்பாகவே இருந்தது.

அந்தக் கதையை மதினி கேட்ட மாதிரி யாரும் கேட்கவில்லை. ராஜா போகச் சொன்னதும் ஜனங்கள் புறப்பட்டதை வாசித்த அன்றைக்கு, அம்புட்டுப் பேருமா வீட்டுக்குப் போனாக என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடும்போது கிழவர்கள் அழுத சத்தமும் மற்றவர்கள் ஆர்ப்பரித்த சத்தமும் கலந்துபோனதை வாசித்தபோது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்பதாவது வாரம் வந்தது. திரும்பி வந்தவர்கள் வேறு தெய்வங்களைக் கும்பிடும் மறுஜாதிப் பெண்களைக் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர்களுக்கு வேதம் சொல்லித்தரும் வேதபாரகர் துக்கத்தில் சால்வையைக் கிழித்துக்கொள்கிறார். வெளியே செருப்பு மாட்டும்போது சபை மூப்பர் என் தோளில் தட்டினார்.

"என்ன மாப்ள, அடுத்த வாரம் உங்க வீட்டுக் கதைல்ல?"

நின்றவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு ஓடிப் பத்தாவது அதிகாரத்தைத் திறந்தேன். ஜனங்கள் வீதியில் உட்கார்ந்து, அந்தக் காரியத்துக்குப் பயந்தும் மழையில் நனைந்தும் நடுங்குகிறார்கள். பிறகு அந்தப் பெண்களையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் அனுப்பிவிட ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு அப்படிக் கட்டிய ஆண்களின் பெயர்கள், வரிசையாக. அவ்வளவுதான் புத்தகம்.

போதகரிடம் போய் அதை விட்டுவிடலாமா என்று கெஞ்சினேன். நீ விட்டால் மூப்பர் எழுந்து வாசிப்பார், உன் வாயால் கேட்பதே மேல் என்றார். மூப்பர் என்ன கேட்கப்போகிறார் என்பதும் போதகருக்குத் தெரிந்திருந்தது. மதினி ஞானஸ்நானம் எடுக்கணும். இல்லையென்றால் அண்ணன் அவரை அனுப்பணும். இரண்டும் இல்லையென்றால் அண்ணன் சபைக்குப் புறம்பு. அண்ணனிடம் சொன்னேன். வாசி என்றார். அந்த வாரம் முழுக்கச் சோறு போடும்போதெல்லாம் மதினி கேட்டார், "கடைசில எல்லாரும் நல்லாயிட்டாகளா கொழுந்தனாரே?" நான் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன்.  கடைசிப் பாயைப் பார்க்கவே இல்லை. ஒரு பெயரையும் விடவில்லை. முடித்ததும், கூட வாழச் சம்மதிக்கிற அவிசுவாசியான மனைவியைத் தள்ளிவிடக் கூடாது என்று புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் எழுதிய இடத்தைப் புரட்டி அதையும் வாசித்தேன். திரும்பி வந்தவர்கள் மதில் கட்டினார்கள், நம் ஆண்டவரோ நகர வாசலுக்கு வெளியே அல்லவா செத்தார் என்றேன். வெளியே தள்ளப்பட்டவர்கள் நின்ற இடத்துக்கே அவர் போனார், அதற்குப் பிறகும் நாம் ஆளைத் தள்ளினால் நம் சிறையிருப்பு இன்னும் முடியவில்லை என்றேன். 

மூப்பர் எழுந்தார். பார்வை அண்ணன் மேல். "வாசிச்சத எல்லாரும் கேட்டோம். நீ என்ன சொல்ற?"

அண்ணன் எழுந்தார். நடுப்பாதையைத் தாண்டி, எந்த ஆணும் உட்காராத அந்தப் பக்கம் போய், கடைசிப் பாயில் மதினி அருகே உட்கார்ந்து, சின்னவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

 ஜெபிப்போம் என்றார் போதகர் அவசரமாக. மூப்பர் கண்ணை மூடவில்லை. நானும் மூடவில்லை.

 திரும்பும்போது மதினி மூத்தவன் கையை இறுகப் பிடித்திருந்தார்.

"அந்தப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு அந்தப் பொம்பளைக எங்க போயிருப்பாக?" என்றார்.

தெரியல மதினி, புஸ்தகத்துல எழுதி வைக்கலை என்றேன்.