எனக்காகப் போட்ட சாய்தளம்

எல்லாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் தோழமைக் குழு ஒன்று தொடங்கினார்கள். அதன் முதல் வேலை, சக்கர நாற்காலியில் வரும் எனக்காக வகுப்பு வாசலில் ஒரு சாய்தளம் கட்டுவது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் படிக்கும் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? தாங்களே கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைப் பூசிச் சூளையில் சுட்ட பளபளப்பான ஓடுகளை அதில் பதித்தார்கள். குனிந்தால் முகம் தெரியும், அப்படி ஒரு மினுக்கு.

திறப்பு விழாவன்று காலையில் அதைக் கழுவிவிட்டு, கைதட்டக் காத்திருந்தார்கள். பாதி ஏறியதும் சக்கரம் வழுக்கியது. வந்த வழியே கீழே போய் நின்றேன். என்னைத் தூக்க நாலு பேர் ஓடி வந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். "ஏறப்போறது நானு. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் அக்காதான் குழுத் தலைவி. "கேக்கலம்மா, தப்புதான். எப்படி இருக்கணும்னு இப்ப நீயே சொல்லு" என்றார்.

சொன்னேன். ஓடுகளைப் பெயர்த்தார்கள். கிளேஸ் இல்லாமல், வரிவரியாகக் கீறிச் சுட்ட புது ஓடுகளைத் தரையில் பரப்பித் தண்ணீர் தெளித்தார்கள். நான் சக்கரத்தை உருட்டிப் பார்த்து, "இது வேணாம், அது சரி" என்று அதட்டித் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்து வந்த மழை நாளில் யார் கையும் படாமல் ஏறினேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன். வழுக்கும் படிகளை விட்டுவிட்டு மொத்த வகுப்பும், கடைசியாக எங்கள் பேராசிரியரும், என் வழியில்தான் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.