மாதம்மாள் தேறுவாரா?

மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர் என்றால், கேட்கக் கூசுகிற கேள்விகளாகப் பார்த்து முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டு, பதிலைக் கட்டத்துக்குள் எழுதுகிறவர் என்று பொருள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படும் என்னைப் போன்றவர்கள் இந்த வேலைக்கு எப்படித்தான் வந்து சேர்கிறோமோ. உயிர்வேதியியல் பட்டம் வாங்கும்போது யாரும் எச்சரிக்கவில்லை. கையில் படிவத்தோடு நோயாளியின் எதிரில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமியே பத்து நிமிடத்தைக் கழித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள்.

தர்மபுரியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு, முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கான புது மருந்து ஒன்றின் ஆய்வு வந்தது. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து இருபத்தெட்டு நாளுக்குள் நோயாளி எல்லாத் தகுதியிலும் தேற வேண்டும். ஒன்று குறைந்தாலும் இடமில்லை. முதலில் வந்தவர் பென்னாகரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து மாதம்மாள். வயது நாற்பத்தாறு. மார்பில் தொடங்கிய நோய் ஈரலுக்குப் போயிருந்தது. இதுவரை கொடுத்த மருந்துகள் பலிக்காமல் போய்விட்டன.

கையெழுத்து

சம்மதப் படிவம் இருபத்திரண்டு பக்கம். தேறினாலும் புது மருந்து கிடைக்கலாம், இப்போது எல்லோருக்கும் தருகிற மருந்தே கிடைக்கலாம், யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுத்தான் சொல்லும், குணமாகும் என்ற உறுதி கிடையாது என்று ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். மாதம்மாள் கண்ணை எடுக்காமல் கேட்டார். அவர் கணவர் சின்னசாமி பாதியிலேயே பேனாவைத் திறந்துவிட்டார்.

"எங்க போடணும் மேடம்?" என்று படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. பெண் பெயரில் எந்தத் தாள் வந்தாலும் வீட்டு ஆண் கையெழுத்துப் போட்டுவிடுவார். நோயாளிதான் போட வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மாதம்மாள் பேனாவை அவர் கையிலிருந்து உருவினார்.

"நோவு எனக்கு, கையெழுத்து உனக்கா? தள்ளு அந்தப் பக்கம்."

டப்பா

மாதவிலக்கு முழுதாக நிற்காத பெண் என்றால் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். வயசுக்கு வந்த பேச்சைக்கூட அம்மாவிடம் தலையைக் குனிந்துகொண்டு பேசியவள் நான். சின்னசாமியை டீ குடிக்க அனுப்பிவிட்டு, சிறுநீர் பிடிக்கும் டப்பாவை மேசையில் வைத்து, அதைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னேன். ஆய்வு முடியும்வரை கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அந்த டப்பாவிடமே சொன்னேன்.

மாதம்மாள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எம் மருமவளுக்கு இது ஆறாவது மாசம், பாப்பா. நானும் மாசமா இருந்தா ரெண்டு பேருக்கும் ஒரே பந்தல்ல வளைகாப்பு வச்சுடலாம், கவலைப்படாத."

மெழுகுக் கட்டி

இரண்டு வருடம் முன்பு வேறு ஊரில் சதைப் பரிசோதனை செய்திருந்தார்கள். எடுத்த சதையைச் சின்ன மெழுகுக் கட்டிக்குள் பதித்துத் தருவார்கள். ஆய்வுக்கு அது வேண்டும். "அது இல்லீங்க மேடம்" என்றார் சின்னசாமி. தொலைந்துவிட்டதா என்றேன். இல்லையாம். நோயோட துண்டை வூட்டுக்குள்ள வைக்கக் கூடாது என்று ஊரில் சொன்னார்களாம். ஒகேனக்கல் போய், மூன்று முழுக்குப் போட்டு, கட்டியைக் காவிரியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்திருக்கிறார்.

அவர் முகத்தைப் பார்த்த பிறகு, தப்பு செய்துவிட்டீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. மனைவிக்காக அவர் செய்த ஒரே சிகிச்சை அது. கட்டி இல்லாவிட்டால் ஈரலில் ஊசி விட்டுப் புதிதாகச் சதை எடுக்க வேண்டும், வலிக்கும் என்று எங்கள் மருத்துவமனை டாக்டரம்மா சொன்னார். சின்னசாமி தரையைப் பார்த்தார். மாதம்மாள் ஏற்கெனவே கட்டிலில் ஏறிக்கொண்டிருந்தார்.

"ஆத்தோட போனது பழசு. புதுசு உள்ளாரதான் இருக்குது, எடுத்துக்குங்க."

மலைப் பொடி

வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று முதல் நாளே கேட்டிருந்தேன். இல்லை என்றார். ஒன்பதாம் நாள், அவர் விரல் இடுக்கில் பழுப்பாக ஒரு கறை இருப்பதைக் கவனித்தேன். மருதாணி இல்லை. தயங்கித் தயங்கிக் கேட்டேன். வத்தல்மலையிலிருந்து சொந்தக்காரர் கொடுத்த வேர்ப்பொடியாம். காலையில் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறாராம். "மருந்துன்னா ஆஸ்பத்திரி மருந்துன்னுல்ல நெனச்சேன்!"

நாட்டு மருந்து ஏதும் சாப்பிட்டிருந்தால், நிறுத்திப் பதினான்கு நாள் ஆன பிறகே அடுத்த படி. எழுதினால் இருபத்துமூன்றாம் நாள்வரை காத்திருக்க வேண்டும். மிச்சம் ஐந்தே நாள். எழுதாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் பேனாவைக் கட்டத்தின்மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவரிடமே விவரத்தைச் சொன்னேன். அவர் படிவத்தை விரலால் தட்டினார்.

"எழுதிக்க பாப்பா. பொடி கேட்டுச்சா, உங்க மருந்து கேட்டுச்சான்னு அப்புறம் எவன் வந்து கண்டுபுடிப்பான்?"

ஒரு புள்ளி

ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒன்பது இருக்க வேண்டும். பதினாறாம் நாள் பார்த்தபோது அவருக்கு எட்டரைதான் இருந்தது. ரத்தம் ஏற்றினால் அதற்குத் தனியாக இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும், நாள் போதாது. அதனால் டாக்டரம்மா இரும்புச்சத்து ஊசி போட்டுவந்தார். இருபத்துநான்காம் நாள் முடிவு வந்தது: எட்டு புள்ளி ஒன்பது.

சின்னசாமி தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பத்தாங்கிளாஸ்ல முப்பத்திநாலு எடுத்தவனுக்கு ஒரு மார்க்குப் போட்டுப் பாஸ் பண்ண மாட்டாங்களா மேடம்? நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா?" அவர் கெஞ்சவில்லை, நியாயம் கேட்டார். எனக்குக் காது சூடானது. ஆனாலும் அன்று முதல் தடவையாக, அடுத்த அறைக்கும் கேட்கிற மாதிரி, "முடியாதுங்க. மூணு நாள் கழிச்சு இன்னொரு தடவை பாக்க விதியில இடம் இருக்கு, அதைக் கேட்டு வாங்குறேன்" என்றேன். அவர்கள் எதிரிலேயே ஆய்வை நடத்தும் நிறுவனத்து மருத்துவருக்குப் போன் போட்டேன். வழக்கமாக மெயில்தான் அனுப்புவேன். அனுமதி கேட்டேன், கிடைத்தது. மாதம்மாள் கணவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கி மடித்தார்.

"எனக்கு யாரும் மார்க்குப் போட வேணாம். அடுத்த தடவ நானே எடுத்துக்கறேன்."

இருபத்தேழாம் நாள்

விடியற்காலைப் பேருந்தில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். பதினொரு மணிக்கு முடிவு: ஒன்பது புள்ளி இரண்டு. மற்ற எல்லாத் தாளோடும் சேர்த்து அனுப்பினேன். மாலை நாலு மணிக்குப் பதில் வந்தது. தகுதி உண்டு என்று ஒரு வரி. அதை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் அழைத்தேன்.

மாதம்மாளே எடுத்தார். பின்னால் ஆடு கத்தியது. "தேறிட்டீங்க அக்கா" என்றேன். மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு ஆட்டை ஒரு அதட்டு அதட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"சரி பாப்பா, உங்க மருந்துக்கு நான் லாயக்குன்னு சொல்லிட்டீங்க, எனக்கு உங்க மருந்து லாயக்கான்னு இனிமே நான் பாக்கறேன்."

நோயே இல்லாதவர்களுக்கென்று தயாரித்த மாதிரி இருக்கும் இந்தத் தேர்வில், நோயோடு வந்து உட்கார்ந்து தேறிக் காட்டுகிறவர்களுக்குப் பேனா மூடியைத் திறந்து கொடுப்பதற்குத்தான் எனக்கு ஒருங்கிணைப்பாளர் என்று அவ்வளவு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள்.