பதினைந்து வரை எண்ணுதல்

அவளுக்கு ரேடியோ என்ற பெயர் பேருந்து நிலையத்தில் ஒட்டிக்கொண்டது. அங்கே ஒன்பது வருடம் அறிவிப்பாளராக இருந்தாள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் பேசுவது வேலை. ஒருநாள் பதிவுசெய்த குரல் ஒன்று வந்து அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு கிடைத்தது பள்ளிக்கூட வேலை: நான்காம் வகுப்பில், வாய்பேச வராத ஒரு சிறுமிக்கு உதவியாளர். சிறுமி டேப்லெட்டில் பேசுவாள். படமும் சொல்லும் உள்ள கட்டங்களை ஒவ்வொன்றாக அவள் தொட்டுச் சேர்க்க, அது வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லும்.

“மெஷின் துரத்திவிட்டுச்சுன்னு மூக்கைச் சிந்தினே. இப்ப மெஷினுக்கே எடுபிடியாப் போய்ச் சேர்ந்திருக்கே,” என்றார் கணவர்.

பயிற்சியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. கேள்வி கேட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். மனதுக்குள் பதினைந்து வரை எண்ண வேண்டும். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. ரேடியோவுக்கு அது பட்டினி கிடப்பது மாதிரி. ஆனாலும் பழகிவிட்டாள். பழகாதது வகுப்புதான். ஆசிரியை கேள்வி கேட்டு, மூன்று எண்ணுவதற்குள் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். சிறுமி இரண்டாவது கட்டத்தைத் தொடும்போது பாடம் அடுத்த பக்கத்தில் இருக்கும். முடிந்துபோன கேள்விக்கு டேப்லெட் பதில் சொல்ல, வகுப்பே சிரிக்கும்.

“மிஸ், ஒரு கால் நிமிஷம் பொறுத்தீங்கன்னா...”

“நாப்பது பேரை வச்சுக்கிட்டு நான் எங்கேம்மா காத்துக்கிட்டு நிக்கிறது? அந்தச் சத்தத்தையாவது குறைச்சு வையுங்க.”

அரையாண்டு வாய்மொழித் தேர்வு வந்தது. ஒரு கேள்வி, மூன்று நிமிடம், எல்லோருக்கும் ஒரே அளவு. தேறாவிட்டால் சிறுமியை வராந்தாவின் கடைசி அறைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போன பிள்ளைகள் வருடக்கணக்கில் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். கூடுதல் நேரம் கேட்டு ரேடியோ இரண்டு கடிதம் கொடுத்தாள். இரண்டும் கிணற்றில் போட்ட கல்.

தேர்வன்று கேள்வி: பள்ளியில் உனக்குப் பிடித்த இடம் எது, ஏன்?

சிறுமி ‘எனக்கு’, ‘பிடித்த’, ‘இடம்’ என்று தொட்டாள். பிறகு இடங்கள் உள்ள பக்கத்தைத் தாண்டிப் போனாள். சாப்பாடு, உடைகள், வண்டிகள். விரல் இரண்டு கட்டங்களுக்கு நடுவே வந்து நின்றது. வழி தெரியாமல் அலைகிறாள் என்று ரேடியோ நினைத்தாள். ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது விநாடிதான் மிச்சம். விரல் நின்றதிலிருந்து எட்டு வரை எண்ணியிருந்த ரேடியோவின் கை எப்போது முன்னால் வந்தது என்று அவளுக்கே தெரியாது. இடங்கள் பக்கத்தைத் திறந்து ‘நூலகம்’ என்பதை அழுத்தினாள்.

சிறுமி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சொல்லை அழித்தாள். பக்கங்களை மறுபடி முதலிலிருந்து புரட்டத் தொடங்கினாள். நேரம் முடிந்தது. ஆசிரியை ‘உதவியாளர் அழுத்தினார்’ என்று எழுதி, மதிப்பெண் கட்டத்தில் கோடு போட்டுவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சிறுமி மிச்சத்தை முடித்தாள். “எனக்கு பிடித்த இடம் சைக்கிள் கொட்டகை. அங்கே யாரும் கேள்வி கேட்பது இல்லை.”

‘சைக்கிள்’ வண்டிகள் பக்கத்தில் இருந்தது. அதை அங்கே போட்டுவைத்தது ரேடியோதான்.

சிறுமியைக் கூட்டிக்கொண்டு நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். தப்பு தன்னுடையது, பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது, மூன்று நிமிடம் என்பதே அநியாயம் என்று ஆரம்பித்தவள் மூச்சுவிடவில்லை. ஒன்பது வருடத்து அறிவிப்பும் ஒரே நாளில் வந்தது போலிருந்தது.

“நான் பேச வேண்டும்,” என்றது டேப்லெட்.

ரேடியோ பேசிக்கொண்டே இருந்தாள். சிறுமி அதையே மூன்று முறை சொல்லவைத்தாள்.

“நீங்க கொஞ்சம் நிறுத்துங்கம்மா,” என்றார் தலைமையாசிரியர். “பாப்பா ஏதோ சொல்லுது.”

ரேடியோ கையைப் பின்னால் கட்டினாள். பதினைந்து போனது. முப்பதும் போனது.

“மறுபடி தேர்வு. அக்கா வேண்டாம்.”

தலைமையாசிரியர் பேனாவை மூடித் திறந்தார். “சரி, திங்கக்கிழமை. அதே மூணு நிமிஷம்தான். நீங்க உள்ள போகக் கூடாது.”

“சார், மூணு நிமிஷம்னா திரும்பவும் அதே கதைதான்...”

“பாப்பா நேரம் கேக்கலையே. உங்களைத்தானே வேண்டாம்னு சொல்லுது.”

திங்கட்கிழமை, சாத்திய கதவுக்கு வெளியே நின்று எண்ணினாள். கேள்வி என்னவென்று காதில் விழவில்லை. நூற்றெண்பது ஆனது. உள்ளே ஆசிரியை அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். அந்தக் குரலின் மேலேயே டேப்லெட் பேசியது.

பாதி மதிப்பெண். வகுப்பில் இருக்க அது போதும்.

“பதிலோட பின்பாதி நேரம் தாண்டி வந்துச்சு. அதை நான் எடுத்துக்கலை,” என்றார் ஆசிரியை. “பாதி குடுத்தேனேன்னு சந்தோஷப்படுங்க.”

ரேடியோ கடைசிப் பீரியடில் மூன்றாவது கடிதத்துக்குத் தாள் எடுத்தாள். ‘கூடுதலாக ஐந்து நிமிடம்’ என்று எழுதப்போய் நின்றாள். முந்தைய இரண்டு கடிதங்களிலும் ஐந்து என்றுதான் எழுதியிருந்தாள். யாரைக் கேட்டு எழுதினாள்?

“உனக்கு எவ்வளவு நேரம் வேணும்?”

பேனாவை வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டினாள். சிறுமியின் விரல் எண்கள் பக்கத்தைத் தேடிப் போனது. ஏழு எண்ணும்போது மணி அடித்தது. வகுப்பு முழுக்க எழுந்து, பைகளால் இருவரையும் இடித்துக்கொண்டு ஓடியது. அவள் எட்டு எண்ணினாள்.